இன்னொரு போர்

திண்டிவனம் பஸ்ஸில் முன் சீட்டில் என் மாணவிகள் இரண்டு பேர். பின்னால் நான் இருப்பதைக் கவனிக்கவில்லை.

பேச்சு ‘செக்யூரிட்டி டைலமா’ பற்றி. ஒரு வாரம் தொண்டை வற்ற நான் நடத்திய பாடம். நேற்று நான் லீவு என்பதால் கவிதா மேடம் என் வகுப்புக்குப் போயிருந்தார்.

“பக்கத்து நிலத்துக்காரன் ஆழமா போர் போட்டா, பயந்துகினு நாமளும் போடுவோம். கடைசில ரெண்டு பேருக்கும் தண்ணி இருக்காது. நாடுங்க ஆயுதம் சேக்கறதும் அப்படித்தானாம். மேடம் சொன்னதும் ஜல்தியா புரிஞ்சிடுச்சுடி.”

“நம்ம சாரும் இதத்தான நடத்தனாரு?”

“அது வேற போருடி.”

உடனே ஃபோனை எடுத்து இந்தப் பதிவை எழுதுகிறேன்.

இதைவிட நல்ல உதாரணம் இருந்தால் உடனே கமெண்டில் போடுங்கள். கவிதா மேடத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவரும் தேட ஆரம்பித்துவிடுவார்.