எல்லாரும் ஏறுங்க

எங்கள் தெரு மெக்கானிக்குக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. எந்த வண்டியைக் கொண்டுபோய் விட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மகளையும் கைக்குழந்தையையும் அடிவாரத்தில் இருக்கும் அவள் வீட்டில் விட்டுவர வேண்டியிருந்தது. எங்கள் காரோ கிழடு. பிரேக்கைச் சும்மா ஒரு பார்வை பார்க்கச் சொல்லித்தான் நானும் என் வீட்டுக்காரரும் அவரிடம் விட்டோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸை விரலால் வளைத்துக் காட்டினார். நேராக இருந்தவரை ஒழுங்காகத்தான் தெரிந்தது. வளைத்ததும் வெடிப்பு வெடிப்பாக வாயைப் பிளந்தது.

"கைப்புள்ளய வச்சுக்கிட்டு இதுலயா எறங்குவீங்க? எல்லா ஹோஸையும் மாத்தணும். நாளைக்கு வாங்கம்மா."

மறுநாள் பெட்டி படுக்கையோடு போனோம். ஹோஸ் மாற்றி, என் வீட்டுக்காரரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, உள்ளே இருந்த காற்றையும் எடுத்தாயிற்று. சாவிக்குக் கை நீட்டினால், "எல்லாரும் ஏறுங்க" என்றார்.

"எதுக்குண்ணே?"

"ஆள் ஏறினா வண்டி தாழும். அப்பதான் ஹோஸ் எங்க உரசுதுன்னு தெரியும்."

குழந்தை, பெட்டி சகிதம் ஏறி உட்கார்ந்தோம். அவர் டார்ச்சோடு தரையில் படுத்துக்கொண்டு ஸ்டியரிங்கை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று முழுசாகத் திருப்பச் சொன்னார். பிறகு எழுந்து வந்தார்.

"என் தப்புதாம்மா. ஒண்ண முறுக்கலா மாட்டிட்டேன். திருப்பினா டயர்ல உரசுது, அறுந்துடும். எறங்குங்க."

"உரசினா உரசிட்டுப் போகுது! இந்தா இருக்கிற அடிவாரத்துக்குத்தானே போறோம்!"

என் கத்தலை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மறுபடி கழற்றி, மாட்டி, காற்றெடுத்து, எங்களை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருந்த நேரம், எதிரே சாலையை அடைத்துக்கொண்டு ஒரு லாரி. என் வீட்டுக்காரர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடம்தான் இருந்தது. பேரன் பால் குடிப்பதைக்கூட நிறுத்தவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"மிதிச்சப்ப எந்தப் பக்கமாச்சும் இழுத்துச்சாம்மா?"

"இல்லண்ணே. நேரா நின்னுச்சு."

"அப்ப சரி."

நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். அழுகைதான் வந்தது. நான் அழுது முடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.