தானாக ஏறிய சத்தம்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கலர் டிவி, செத்துப்போன ஒருவருடையது. அந்த விவரம் எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

அப்போது நாங்கள் வில்லாபுரத்தில் ஒரு சந்துக்குள், ஒரே ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு. டிவியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பழைய டிவிக்களை வாங்கிச் சரிசெய்து விற்கிற தொழில் அவருக்கு. அக்கா வீட்டுக்கு என்று ஒன்றைத் தோளில் தூக்கிவந்து, பீரோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் இறக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு குறையும் என்று அக்கம்பக்கத்தில் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. அம்மா டிவியோடும் பேச ஆரம்பித்தாள்.

அம்மா அப்படித்தான். சீரியலில் மாமியார் விஷம் கலந்தால், "அதக் குடிக்காதடி, எடு கைய" என்று இங்கிருந்து கத்துவாள். விளம்பரத்தில் வருகிறவர்களுக்குக்கூட பதில் சொல்வாள். அப்பா இதற்கு நேர் எதிர். மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் கல் அறுக்கிற மெஷினில் அவருக்கு வேலை. விடியுமுன் கிளம்பி, ரெண்டு பஸ் மாறிப் போய், பொழுது சாய வீடு திரும்புவார். குளித்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியை எங்களுக்குப் பின்னால், சுவரோரமாகப் போட்டுக்கொண்டு பேப்பரை விரிப்பார். அம்மா பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவார். "கல்லோட கெடந்து இவரும் கல்லாப் போயிட்டாரு" என்பாள் அம்மா. அது அவருடைய குணம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

டிவி வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சாயங்கால சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரிமோட் எனக்கும் அவளுக்கும் நடுவில் பாயில் கிடந்தது. அப்போது திரையின் அடியில் பச்சைக் கோடுகள் தோன்றின. ஒன்று, இரண்டு, மூன்று என்று வலப்பக்கமாக நீண்டுகொண்டே போயின. யாரும் எதையும் தொடவில்லை. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. கதாநாயகி அழுத அழுகை சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

"என்னடி பண்ற?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மறுபடி அந்தப் பச்சைக் கோடுகள், ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.

முதல் வாரம் அதைப் பழைய டிவியின் கோளாறு என்றுதான் எடுத்துக்கொண்டோம். ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கார்ட்டூன் பார்க்கும்போது எதுவும் நடக்காது. பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பகலிலும் நடக்கும். பாட்டு வந்தால் நடக்காது. யாராவது தணிந்த குரலில் பேசுகிற காட்சி வந்தால் உடனே கோடுகள் ஏறும். பேசுவதை யாரோ கேட்க முயல்வது போல இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோளாறுக்கு எதற்குப் பேச்சுக் கேட்க வேண்டும்?

மாமாவைக் கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, திருப்புளியும் கையுமாக டிவியின் முதுகைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "ரிமோட்டுல பட்டன் ஒட்டிக்கிட்டு இருக்கும்க்கா" என்று சொல்லி, அதிலிருந்து பேட்டரி இரண்டையும் உருவித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இப்ப ஏறட்டும் பாப்பம்."

எல்லோரும் டிவியைப் பார்த்தபடி இருந்தோம். செய்தியில் ஒருவர் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. பச்சைக் கோடு ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

மாமாவின் கையிலிருந்து ஒரு பேட்டரி நழுவித் தரையில் உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. முகம் ஒரு மாதிரியாகப் போய்விட்டது. அம்மா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கடா வாங்குன இத? உண்மையச் சொல்லு."

"அவனியாபுரத்துல ஒரு வீட்டுலக்கா. பெரியவர் ஒருத்தர் தவறிட்டாரு. இதப் பாத்துக்கிட்டே சேர்ல உக்காந்தமேனிக்குப் போயிட்டாராம். வீட்டாளுக வச்சுக்க வேணாம்னு குடுத்தாக."

"அடப்பாவி!"

"அவருக்குக் காது கேக்காதாம்க்கா. சத்தமா வச்சுத்தான் பாப்பாராம்."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது மாமாவுக்கே உறைத்தது. அம்மா அடிக்கக் கை ஓங்குவதற்குள் வாசலுக்குப் போய், என் செருப்பு ஒன்றையும் தன் செருப்பு ஒன்றையும் மாட்டிக்கொண்டு சந்தைத் தாண்டிவிட்டார். அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, என்ன கலவரம் என்பது போல எங்களைப் பார்த்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான்காவதாக ஒருவர் இருந்தார். அம்மா டிவியின் நெற்றியில் விபூதி பூசினாள். ஸ்டூலின் காலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள். எதற்கும் அவர் அடங்கவில்லை. கடைசியில் அம்மா தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள், பேச ஆரம்பித்தாள். "அய்யா, பெரியவரே, இம்புட்டுச் சத்தம் வேணாம்யா. புள்ள படிக்குது." ஒருநாள் சூடம் ஏற்றி, கண்ணில் தண்ணீர் வர, டிவிக்கு முன்னால் கும்பிட்டு நின்றாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கோடுகள் வந்தன. ஆனால் இந்த முறை வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. சத்தம் இறங்கியது. அவர் கேட்கிறார் என்பது, கேட்காததைவிடப் பயங்கரமாக இருந்தது. அன்றிலிருந்து நான் அந்த அறையில் தனியாக நிற்க மாட்டேன். யாராவது காலியாக விட்டுப்போன நாற்காலியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவேன்.

ஆனாலும் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். நான் டிவிக்கு முன்னால் பாயில் படுத்து, தூங்குவது போலக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். பக்கத்தில் சாத்தியிருந்த பீரோவின் கண்ணாடியில் அறை முழுவதும் தெரியும். எனக்குப் பின்னால் அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. ஒரு வயதான தகப்பன் மகனிடம் எதையோ தணிந்த குரலில் சொல்கிற இடம் வந்தது.

கண்ணாடியில் பேப்பர் கொஞ்சம் விலகியது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஏதோ எட்டிப்பார்த்தது. ரிமோட். மாமா டிவியோடு கொடுத்து, வந்த இரண்டாம் நாளே காணாமல்போய், அம்மா வீடு முழுக்கத் தேடி, குப்பையோடு போயிருக்கும் என்று எல்லோருமே மறந்துவிட்ட இரண்டாவது ரிமோட். அப்பாவின் கட்டைவிரல் அதை அழுத்தியது. கோடுகள் ஏறின.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் அவர் முகம். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நெற்றி சுருங்கி, வாய் லேசாகத் திறந்து, கண் இமைக்காமல் திரையிலிருந்தவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன். அவர் அசையவில்லை. எழுந்து உட்கார்ந்து, "அப்பா" என்று மறுபடி கூப்பிட்டேன். நான்கு அடி தூரம்தான். கண் திரையை விட்டு நகரவில்லை. அவனியாபுரத்துப் பெரியவர் டிவியை விட்டு இறங்கி அப்பாவுக்குள் போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஓட வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் ஓட வேண்டும். என்ன தைரியத்தில் செய்தேனோ, போய் அவர் முழங்காலைத் தொட்டேன்.

அப்பா தூக்கிவாரிப்போட எழுந்தார். பேப்பர் விழுந்தது, ரிமோட்டும் விழுந்தது. என்னைவிட அவர் அதிகமாகப் பயந்திருந்தார். வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தார்.

"அம்மாட்டச் சொல்லிறாத தாயி."

"ஏன்ப்பா இப்டிப் பண்றீங்க?"

"சும்மா, வெளையாட்டுக்குத்தான்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மாவை ஏமாற்றி விளையாட அப்பாவுக்கும் தெரியும் என்பதே எனக்குப் பெரிய செய்தி. ரகசியத்தைக் காப்பாற்றியதோடு, அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அந்த ரிமோட்டை எடுத்து நானும் ஒருமுறை பெரியவரானேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து அலறியதில் எனக்கு வெகு திருப்தி.

அதுதான் வினையாயிற்று. பட்டப்பகலில், ஆம்பிளை இல்லாத நேரத்திலும் வர ஆரம்பித்துவிட்டார் என்று அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள், "ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். மாமா ஒரு லோடு ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றார், உள்ளே வர மறுத்துவிட்டார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார், எல்லோரும் சிரிப்போம், டிவி தப்பித்துவிடும் என்று நினைத்தேன். அப்பா டிவியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார். அது சாயாமலிருக்க ஒரு சாக்கை மடித்து அண்டக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. ஒரு விளையாட்டை இவ்வளவு தூரம் கொண்டுபோகிற மனுஷரா என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.

விஷயம் வெளியே வர நாலு வருஷம் ஆனது. மேலூர் பஸ் ஸ்டாண்டு அருகே பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அப்பா ஒதுங்கவில்லை. காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவரிடம் ஏதோ கேட்டுப் பார்த்த டாக்டர், காதைச் சோதிக்கச் சொன்னார். மெஷின் இரைச்சலில் இரண்டு காதும் வருஷக்கணக்காகவே போய்க்கொண்டிருந்தது என்றார். கூட வேலை பார்த்த ஒருவருக்கு மட்டும் அது தெரியும். குவாரியில் வெடி வைக்குமுன் விசில் ஊதுவார்கள். அது கேட்காத ஆளை ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். விசில் ஊதும்போதெல்லாம் அந்த மனிதர்தான் அப்பாவின் தோளைத் தட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அம்மா அன்று முழுவதும் பேசவில்லை. அப்படி ஒரு அமைதியை நான் அவளிடம் கண்டதில்லை. பொழுது சாயும் நேரத்தில் கட்டிலருகே போய் நின்று, "அப்ப இத்தன வருசம் நான் பேசுனதுல எம்புட்டுத்தான் கேட்டுச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஒன் சத்தம் ஒண்ணுதான் புள்ள நல்லாக் கேட்டுச்சு" என்றார் அப்பா. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்றை. டிவி போன பிறகு ஸ்டூல் மட்டும் கிடந்த அந்த மாதங்களில், அப்பா வேலை விட்டு வந்ததும் விளக்குக்குக் கீழே என்னை எதிரில் உட்காரவைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்வார். வேகமாகப் போனால், "மெதுவாச் சொல்லு தாயி" என்பார். நான் தலையைக் குனிந்தால் தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். டீச்சர் திட்டியது, தோழி பென்சிலை ஒடித்தது எல்லாவற்றையும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். நான் கதை சொல்கிற அழகில்தான் அப்பா அப்படி மயங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, இல்லாததையெல்லாம் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போவேன்.