ஞாயிற்றுக்கிழமை ஜூஸ்

எங்கள் வீட்டில் யார் தட்டில் எது மிஞ்சினாலும் அது அப்பாவுக்குத்தான் போகும். சோற்றை எறியக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டுப் பழக்கம். ஈரோட்டிலிருந்து நியூ ஜெர்சிக்கு அவர் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. பிளெய்ன்ஸ்பரோவில் இரண்டாம் மாடியில் எங்கள் அபார்ட்மென்ட். சாப்பிட்டு முடித்ததும் அக்காவும் நானும் தட்டை அவர் பக்கம் தள்ளுவோம். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே மிச்சத்தை வழித்து வாயில் போட்டுக்கொள்வார்.

எனக்கும் அவருக்கும் இதில் ஒரு ரகசிய ஒப்பந்தம் இருந்தது. ராத்திரி என் தட்டில் விழும் பாகற்காயை அவர் தின்றுவிட வேண்டும். அதற்குப் பதிலாக மறுநாள் காலை என் வாஃபிளில் பாதி அவருக்கு, சிரப்போடு. நான் கொடுக்கத் தாமதித்தால் நாக்கைத் தொங்கவிட்டு, நாற்காலியிலிருந்து சரிந்து, தரையில் செத்த மாதிரிக் கிடப்பார். நான் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை அவர் வாயில் வைப்பேன். உடனே உயிர் வந்துவிடும்.

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது எங்கள் இருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், யார் வீட்டுப் பார்ட்டியிலாவது ஒரு அங்கிளிடம் உளறுவார்கள், அது அப்பாவின் ஆபீசுக்குப் போய்ச் சேரும், கான்ட்ராக்டில் இருக்கும் நோயாளியை யார் வைத்துக்கொள்வார்கள், கிரீன் கார்டு என்ன ஆகும் என்று அப்பாவும் அம்மாவும் பயந்தார்கள். அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. மாத்திரைகள் ஒரு வைட்டமின் பாட்டிலுக்குள் குடிபுகுந்தன. அப்பா தினமும் தவறாமல் வைட்டமின் சாப்பிடுகிறார் என்று நாங்கள் நம்பினோம்.

அம்மாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவின் தட்டில் எதை வைப்பது என்பது அவள் கையில் இருந்தது. எங்கள் தட்டின் மிச்சம் அவள் கையில் இல்லை. கடைசியில் எங்கள் சாப்பாட்டையும் மாற்றிவிட்டாள். ஒரே வாரத்தில் வாஃபிள் போனது, கோலா போனது, கலர் கலரான சீரியல் டப்பாக்கள் போயின. சர்க்கரை டப்பா கூட எங்கோ ஒளிந்துகொண்டது. கோதுமை ரவை உப்புமா வந்தது, கொள்ளு வந்தது, கம்பு வந்தது. கம்பஞ்சோற்றைப் பார்த்த அன்று அக்கா, “அம்மா, திஸ் இஸ் பேர்ட் ஃபுட்,” என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா எல்லாம் செய்து பார்த்தாள். கேரட்டைப் பூவாக நறுக்கினாள். கீரையைச் சப்பாத்தி மாவில் பிசைந்து, “கிரீன் பான்கேக்” என்று பெயர் வைத்தாள். நாங்கள் ஏமாறவில்லை. நான் பாகற்காயை ஒவ்வொரு துண்டாகச் சுவரோரம் ஓடும் ஹீட்டரின் இடுக்கில் போட்டுவந்தேன். அக்டோபரில் முதல் குளிர் வந்து ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் வீடு முழுக்க ஒரு நாற்றம். கீழ்வீட்டு ஆண்ட்டி மேலே வந்து, “என்னங்க, எதோ செத்துக் கிடக்குது போல,” என்றார். அம்மா ஹீட்டரின் தகரத்தைக் கழற்றி, கருகிப்போன துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் அழுதாள். ஒரு காய்க்காக யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் என்னோடு மட்டும் பேரம் பேசினாள். வாரம் முழுக்க தட்டில் இருப்பதைச் சாப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்னப் பாட்டில் திராட்சை ஜூஸ் உண்டு. ஆனால் அதில் அப்பாவுக்கு ஒரு சொட்டும் தரக் கூடாது. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா மேல சத்தியம்னு சொல்லு சாமி.”

“அப்பா கேட்டா?”

“கேட்டாலும் குடுக்கக் கூடாது.”

“செத்துப்போற மாதிரி நடிச்சா?”

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “நடிச்சாலும்,” என்றாள்.

தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்த ஆள் செத்துப்போவார் என்று அக்கா எனக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள். அதனால் அம்மாவின் உயிர் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தக் குளிர்காலம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிட்டேன். கம்பு கூட இறங்கியது. அப்பா ஒன்றிரண்டு ஞாயிறு கையை நீட்டிப் பார்த்தார், ஒருமுறை தரையில் செத்தும் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. “அம்மா கட்சிக்குப் போயிட்டயா கண்ணு,” என்று எழுந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பாகற்காய் தின்றிருப்பேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, முதல் நாள் பெய்த பனி கார்களை மூடியிருந்தது. பக்கத்து பில்டிங்கில் ஒரு ஆண்ட்டிக்கு வளைகாப்பு. அம்மாவும் அக்காவும் காலையிலேயே சித்ரான்னம் கிளறப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு உப்புமாவை மூடிவைத்துவிட்டுத்தான் போனாள் அம்மா. அப்பா வெறும் வயிற்றில் வைட்டமினைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காரைத் தோண்டியெடுக்க இறங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தவர் கோட்டைக் கழற்றாமலே சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். பனியிலிருந்து வந்தவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. நான் மேஜையில் என் ஜூஸோடு இருந்தேன். அதை நோக்கிக் கையை நீட்டினார். கை ஆடியது.

“கண்ணு, அதக் குடு.”

நான் சிரித்தேன். “ப்ராமிஸ்ப்பா. அம்மா மேல.”

“கொஞ்சம்… குடுறா.”

அப்பா என்னை அதற்குமுன் ‘டா’ போட்டுக் கூப்பிட்டதே இல்லை. இந்தத் தடவை நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். பாவம் பார்த்து என் மனம் மாறிவிடுமோ என்று பயந்து மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் அந்தப் பாட்டிலையே பார்த்தார். பிறகு அப்படியே சரிந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை போல ஒரு சத்தம் வந்தது. நான் போய் டிவியில் கார்ட்டூன் போட்டேன். ஒன்று முடிந்து இன்னொன்றும் பாதி ஓடிவிட்டது.

கதவைத் திறந்த அம்மா செருப்போடு ஓடினாள். அலமாரியின் உச்சியில் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து சர்க்கரை டப்பாவை இழுத்தாள். பாதி தரையில் கொட்டியது. விரலில் தொட்டுத் தொட்டு அப்பாவின் உதட்டுக்குள் தடவினாள். எங்களுக்கு இல்லாத சர்க்கரையை அப்பாவுக்கு மட்டும் ஊட்டுகிறாளே என்று நான் கதவோரம் நின்று பார்த்தேன். அக்கா போனில் எங்கள் விலாசத்தை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் பழைய அப்பா முழுதாகத் திரும்பி வரவில்லை. பேசும்போது பாதி வாக்கியத்தில் வார்த்தையைத் தேடுவார். கம்ப்யூட்டர் வேலை அவருக்குப் பிடிபடவில்லை. மே மாதம் ஈரோட்டுக்குத் திரும்பினோம். அங்கே என்னைத் தமிழ் எழுதத் தெரியவில்லை என்று சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். வாயைத் திறந்தால் சிரித்தார்கள். திறப்பதையே விட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தையும் விட்டேன். எழுதப் படிக்க முழுதாகக் கற்றது பிறகு வேலைக்குப் போன பட்டறையில், சாமான் கட்டி வரும் பழைய பேப்பர்களைப் பார்த்து. அப்பா இன்னும் பதினோரு வருடம் இருந்தார். அதில் அந்தக் காலையைப் பற்றி ஒரு தடவை கூட அவர் பேசவில்லை. நானும் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

அதற்கு முன் பேசப்பட்டது ஒரே ஒரு முறைதான், ஆஸ்பத்திரியில், அவர் கண் விழித்து இரண்டாம் நாள். கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்க, பையன் பக்கத்துலதான் இருந்தான். அவங்கிட்ட ஜூஸ் இருந்துச்சு. ஒரு வாய் கேட்டிருக்கலாமில்லீங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துச் சொன்னார்.

“கேக்கல… வாயே வரல எனக்கு. அவன்… கார்ட்டூன் பாத்துட்டு இருந்தான்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். நான் கொடுக்கவில்லை. செத்த மாதிரி நடித்தும் நான் அசையவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அம்மா அன்று அடுப்படியில் சிரித்த மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள். தோற்றுப்போன வெட்கத்தில் அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பும்வரை நான் அவரிடம் பேசவே இல்லை.