மூட்டையின் அடியில் ஒரு கை மூச்சு

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பின் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கும் மில் ஒன்று, குடோன் இரண்டு, லாரி ஒன்று, மாடி வீடு, எல்லாம் நானே உண்டாக்கியவை. கடன் கேட்டபோது வங்கியில் கையை விரித்தார்கள், பங்காளிகள் சிரித்தார்கள். அப்படியும் எல்லாவற்றையும் கட்டி எழுப்பினேன். நுரையீரல் மட்டும்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. தழும்பு விழுந்து இறுகிக்கொண்டு வருகிறது என்றார் விழுப்புரத்து டாக்டர்.

"மூச்சை அளக்கற குழாய்ல இன்னிக்கு ஊதிட்டீங்க இல்ல, ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து ஊதுங்க. அளவு குறைஞ்சிருந்தா மாத்திரையை மாத்தணும்."

ஆறு மாதம் கழித்துப் போனேன். மூக்கில் கிளிப், வாயில் குழாய். சோதனை செய்யும் பெண்ணுக்கு என் மகள் வயது. இழுத்து, வேகமாக ஊதினேன். திரையில் கோடு சர்ரென்று ஏறிச் சட்டென்று நின்றது.

"இவ்ளோ ஜல்தியா ஊதறேன், அப்புறம் என்னாம்மா குறை?"

"வேகம் நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. நுரையீரல் பைதான் சின்னதாயிடுச்சு, அதான் சீக்கிரம் காலியாவுது. அதுலயும் நீங்க முழுசா ஊதாம நிறுத்திட்டீங்க. இன்னும், இன்னும்னு கத்திக்கினு இருக்கேன், காதுல வாங்கினாத்தானே!"

நிறுத்தினேனா? யோசித்தேன். எங்கள் மில்லில் மூட்டையை முழுக்க உதறுவதில்லை. அடுத்த லோடு வரட்டும் என்று அடியில் ஒரு கை மல்லாட்டையை விட்டு வைப்போம். அந்தப் பழக்கம் மூச்சுக்கும் வந்திருக்கிறது. அவளிடம் சொன்னேன்.

"இங்க மீதி வைக்காதீங்க. மூட்டையை உதறுங்க ஐயா!"

உதறினேன். கண் இருட்டியது. மூன்று முறை, மூன்றும் ஒரே அளவு.

டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "போன தடவை அளவேதான். குறையல. அதே மாத்திரை போதும்."

எழுந்தவன் கதவருகே நின்றுவிட்டேன். போன தடவையும் ஒரு கை மீதி வைத்தவன்தானே நான்? மீதி வைத்தபோது வந்த அளவும், சுத்தமாக உதறியபோது வந்த அளவும் ஒன்றென்றால், நடுவில் மூட்டை சுருங்கியிருக்கிறது. திரும்பி வந்து சொன்னேன்.

டாக்டர் பழைய கோட்டை உற்றுப் பார்த்தார். "ஆமாங்க, பாதியில நின்னிருக்குது." விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவி மாட்டி வராந்தாவில் நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையை மாற்றி எழுதினார்.

இப்போது அந்தப் பெண் ஊத வருகிறவர்களிடமெல்லாம் "மூட்டையை உதறுங்க" என்கிறாளாம். சொல்லட்டும். அதைக் கண்டுபிடித்தது திண்டிவனத்து மில்காரர் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாக்டரும் என் ஃபைலில் அதை எழுதி வைக்க வேண்டும்.