சாமி முன்னால் நிற்கிற வரிசை

ராக்கம்மாள் சொல்வது பொய். மில்லில் ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டுக் கருத்தக்கண்ணன் அக்காள் மகனையே காவு கொடுத்துவிட்டான் என்று கரிமேட்டுக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு அவள் பேசுகிறாள். அந்த அக்காள் நான். வேலை போனவன் என் மகன் அழகுமலை. எனக்கு இல்லாத வயிற்றெரிச்சல் அவளுக்கு எங்கிருந்து வந்தது? அவள் மகன் உக்கிரபாண்டி இன்றைக்கு நிற்பது என் தம்பி விட்டுவிட்டு வந்த இடத்தில்தான். அதையும் சேர்த்துச் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தம்பி மீசை முளைக்கும் முன்பே பேரையூர்ப் பக்கமிருந்து வந்து பஞ்சாலையில் சேர்ந்தவன். நூற்கும் பகுதிக்கு மேஸ்திரி ஆனான். அப்போதெல்லாம் ஆள் எடுப்பதும் மேஸ்திரி, ஆளை நிறுத்துவதும் மேஸ்திரி. பெரிய முதலாளிக்குத் தொழிலாளி பெயர் ஒன்றும் தெரியாது. மேஸ்திரி பெயர் மட்டும் தெரியும். தம்பி தன் பங்காளிகளையும் மாமன் மச்சான்களையும் கூட்டிவந்து மிஷின்களில் நிறுத்தினான். ஊரில் ஒரு கேதம் என்றால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சாவுக்கு உறவில்லாத ஆட்களைத் தேடிப் பிடித்து அன்றைக்கு நிறுத்துவான். மிஷின் நிற்காது. என் வீட்டுக்காரர் போன பிறகு என்னையும் மகனையும் அவன்தான் மதுரைக்குக் கூட்டிவந்தான். அவன் பெண்சாதியும் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டதால் என் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம்.

எமர்ஜென்சி போட்ட சமயத்தில் பெரிய முதலாளி ஒதுங்கி, அவர் மகன் வந்தார். அவர் கூட்டிவந்த ஒருவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்றார். அறுந்த நூலை ஒட்ட எவ்வளவு நேரம், மூக்கைச் சிந்த எவ்வளவு நேரம் என்று பார்த்தாராம். ஆள் எடுக்கும் வேலை ஆபீசுக்குப் போனது. கேதத்துக்குப் போனவனுக்கு ஆப்சென்ட் விழுந்தது. தம்பிக்குப் பெயர் மட்டும் மேஸ்திரி என்று மிஞ்சியது. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல மாட்டான். ஒருநாள் மட்டும், "ஒண்ணுக்குப் போறதுக்கும் ஒரு அளவு வச்சிருக்காங்க்கா" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கலர் டீவி வந்த வருஷம் கடிகாரக்காரரை அனுப்பிவிட்டு சிவசங்கரன் என்று ஒரு ஆபீசரைக் கொண்டுவந்தார்கள். நிர்வாகம் என்பதையே ஒரு படிப்பாகப் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷர்தான், அதை நான் மறைக்க மாட்டேன். யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. கேன்டீனில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, டீயும் வடையும் கொடுத்து, மேலே இருப்பவன் சொல்லிக் கீழே இருப்பவன் செய்யும் காலம் முடிந்துவிட்டது, இனி நீங்களே யோசித்து நீங்களே முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னாராம்.

பெரியப்பன், சித்தப்பன் உட்கார்ந்திருக்கும்போது இளவட்டங்கள் எப்படி நாற்காலியில் உட்காரும்? பின்னால் சுவரோரம் நின்றுகொண்டார்கள். உட்காரச் சொல்லிச் சொல்லி ஆபீசருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பேசவும் மாட்டார்கள். என் மகனுக்கு மிஷினைப் பற்றி ஏதாவது தோன்றினால் மாமன் காதில் சொல்வான், மாமன் எழுந்து சபையில் சொல்வான். அழகுமலைக்கு வாயில்லை என்றே ஆபீசர் நினைத்துக்கொண்டார்.

ஆயுதபூசைக்குக் கொஞ்சம் முந்தி ஒருநாள் அவர் தம்பியிடம், "மேஸ்திரி, உங்க ஆட்களை வரிசையா நிறுத்துங்க. யாரு முக்கியமோ அவங்க முன்னாடி. நீங்களே முடிவு பண்ணுங்க, நான் தலையிட மாட்டேன்" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வருஷா வருஷம் பூசையன்று திருநீறும் பொரியும் வாங்க வரிசை நிற்பது வழக்கம். அதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான். குலசாமி முன்னால் எப்படி நிற்போமோ அப்படி நிறுத்தினான். மூத்த பங்காளி முதலில், அவருக்குப் பின்னால் வயசுப்படி மற்றப் பங்காளிகள், அவர்கள் பிள்ளைகள். பங்காளிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் மாமன் மச்சான், அக்காள் மகன். அழகுமலை கடைசி. கண் சரியாகத் தெரியாத எங்கள் பெரியப்பா முதல் ஆள். ஆபீசர் அந்த வரிசைப்படியே பெயர்களை எழுதிக்கொண்டார்.

புது மிஷின் வந்து இறங்கிய பிறகுதான் அந்த வரிசை எதற்கு என்று தெரிந்தது. அத்தனை பேர் வேண்டாமாம். வால் பக்கம் நின்ற இளவட்டங்களைப் பதிலி ஆக்கினார்கள். பதிலி என்றால் தினமும் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் வரிசைப்படி உள்ளே கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வீடு. பதிலியிலும் பங்காளி மகன் உக்கிரபாண்டி முதல், என் மகன் கடைசி.

தம்பி ஆபீசருடைய அறைக்கு ஓடினானாம். "அது சாமி முன்னால நிக்கிற வரிசைங்கய்யா. வேலைக்கு நிக்கிற வரிசை இல்லங்கய்யா" என்றிருக்கிறான்.

"மேஸ்திரி, இதை நான் முடிவு பண்ணலை. நீங்க பண்ணது. அதுதான் புது முறையே" என்றாராம் அவர். அவருக்கும் முகம் செத்துப்போய்விட்டது என்று தம்பியே சொன்னான். அன்றைக்கு என் மகன் வந்து சொன்னபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைப் போட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

தம்பியைக் கேன்டீனில் கூடுகிற அந்த வட்டத்துக்குத் தலைவன் ஆக்கி, சாய்மானம் வைத்த நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். ராக்கம்மாள் சொல்கிற நாற்காலி அதுதான். அவன் அதில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. காலையில் கேட்டில் நிற்கிற பிள்ளைகளைக் கடந்துதான் அவன் உள்ளே போக வேண்டும். மாமனும் மருமகனும் ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு தெரு வழியாக மில்லுக்குப் போனார்கள். வீட்டில் பேச்சே இல்லை. சோறு வேணுமா, போதும். அவ்வளவுதான்.

சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு, வேலையை விடப் போகிறேன் என்றான் தம்பி. அந்த இடம் யாருக்கு என்று கேட்டேன். பதிலியில் முதல் ஆளுக்கு என்றான். ஆனாலும் ஆபீசர், நீங்கள் யார் பெயரைச் சொன்னாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதை அவன் வாயால்தான் கேட்டேன்.

"அப்ப அழகுமல பேரச் சொல்லு" என்றேன்.

சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

"ஏப்பா, ஒன் அக்கா மகன்டா அவன். அம்புட்டுப் பேருலயும் வேல தெரிஞ்சவன் அவன்தான்னு நீதான சொல்லுவ."

"தெரியும்க்கா. இப்ப நான் வரிசைய மாத்துனா, அன்னைக்கு வேலைக்குத்தான் அந்த வரிசைன்னு தெரிஞ்சே நிறுத்துனேன்னு ஆயிரும். மத்த பயலுகள்லாம் நான் தெரிஞ்சு தள்ளுன மாதிரி ஆயிரும்."

நானும் விடவில்லை. சாப்பிட்டு எழும்வரை அதையே சொன்னேன். அழகுமலை நடுவில், "விடு ஆத்தா" என்று ஒரு வார்த்தை சொன்னான். மாமனைப் பார்த்துச் சொல்லவில்லை. தம்பி யார் பெயரையும் சொல்லாமல் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். உக்கிரபாண்டி உள்ளே போனான். கோபம் எனக்கு இருந்தது, இருக்கிறது. அது எனக்கும் என் தம்பிக்கும் உள்ளது. ராக்கம்மாளுக்கு அதில் பங்கு கிடையாது.

இருட்டில் ஓடிப்போனான் என்கிறார்களே, அதுவும் பொய். பேரையூரில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற அரவை ஆலையில் மூட்டை தூக்க ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்கத்தான் கிளம்பினான். வேட்டி துணிமணி ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், சாப்பிட்டான். மில்லில் சங்கு ஊதியது. அது ஊதி முடிகிற வரைக்கும் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றான். அழகுமலை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன், காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டான். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.