அண்ணனின் ரிப்போர்ட் நார்மல்

"…நார்மல்னு கொட்ட எழுத்துல போட்டுக்கீது, அப்புறம் இன்னாத்துக்கு இவனுக்கு மாத்திர?" என்று நைனா ரிப்போர்ட்டை என் தையல் மிஷின் மேல் வீசினார்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "காட்டு, பாக்கறேன்" என்பதுதான் எதற்கும் அவருடைய பதில். ஜுரம் என்றால் தெர்மாமீட்டரைக் காட்ட வேண்டும். மழை என்றால் தானே கையை நீட்டிப் பார்ப்பார். அண்ணனின் நோயில் காட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டியவன், ஒருநாள் பாதி வேலையில் எழுந்து மயிலாப்பூருக்கு வந்து, வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பேச்சில்லை. வைத்த சோறு வைத்தபடி ஆறும். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்தார். சில வாரம் கழித்து, "ஃபேனைக் கொஞ்சம் கொற, குளிருது" என்றான். அவ்வளவுதான். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

நைனாவுக்கு அது போதவில்லை. தி.நகரில் ஒரு லேப் வாசலில், மூளையின் ரசாயனம் உடைந்து சிறுநீரில் வரும், அதை அளந்து மனசைச் சொல்கிறோம் என்று போர்டு வைத்திருந்தார்கள். "அத எடு. கெட்டுப்போய்க்கீதுன்னு வந்தா நானே மாத்திர குடுக்கறேன். இல்லன்னா பட்டறைக்குப் போவட்டும்" என்றார்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெருவே ஒரே சாக்கடையில விடுதும்மா. முனையில நின்னு பாத்துட்டு, மூணாவது வீட்டுல என்ன கொழம்புன்னு சொல்லுவியா? சிறுநீர்ல இருக்கறது பெரும்பாலும் குடல்லேர்ந்தும் உடம்புலேர்ந்தும் வர்றது. மூளையோடது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. வேணாம்."

சரிதான். ஆனால் நைனாவிடம் காட்ட எனக்கு ஒரு காகிதம் வேண்டுமே. ஒரு முழு நாள் அண்ணனின் சிறுநீரை லேப் கொடுத்த கேனில் பிடித்தேன். வாழைப்பழம் கூடாது, காபி கூடாது, கேன் சூடாகவும் கூடாது. ஃப்ரிட்ஜைத் திறந்ததும் அம்மா, "மாவு பக்கத்துலயா? சீ, எட்த்துகினு போ!" என்று கத்தினாள். மீன்காரக்காவிடம் ஐஸ் வாங்கி பக்கெட்டில் கொட்டி, அதற்குள் கேனை வைத்தேன்.

"இன்னாடி, வஞ்சிரமா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"ஆமாக்கா, உனக்குக் குழம்பு கெடயாது."

கூடப்பிறந்தவனுக்குக் கெட்ட ரிசல்ட் வர வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்தது நார்மல்.

"நைனா, அது மூளையோடது இல்ல, ஒடம்பு மொத்தத்தோடதுன்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க."

"போர்டு மாட்டிக்கிறவன் இன்னா லூசா? மூளையும் நார்மலு, ஒடம்பும் நார்மலு. வேலைக்குத்தான் வணங்கல."

அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தான்.

நைனா மாத்திரை அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கொடியில் கிடந்த பட்டறைச் சட்டையை உருவி, அண்ணனின் கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நுழைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குப் போல, கழுத்திலிருந்து பொத்தான் போட ஆரம்பித்தார்.