விரலின் சாட்சி

கப்பலின் பாய் ஜுனைதீனின் விரலுக்குத் தட்டுப்படவில்லை.

கப்பல் என்றால் ஒரு தபால் முத்திரையில் இருக்கும் கப்பல். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, அல்பத்தைத் திறந்து ஒன்றிரண்டு முத்திரைகளை மோதிர விரல் நுனியால் ஒரு தரம் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். முத்திரை சேகரிக்கிற மற்றவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். சாமணத்தால்தான் எடுக்க வேண்டும், கை படவே கூடாது. அது ஜுனைதீனுக்கும் தெரியும். ஆனால் அவர் செதுக்குகிற ஆள். முத்திரைக்காக எஃகுத் தகட்டில் கோடு வெட்டி, அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால், மை தாளின் மேல் புடைத்து நிற்கும். மலிவாக அச்சடித்ததில் மை படுத்துக் கிடக்கும். இந்த வித்தியாசம் கண்ணைவிட விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது அவர் கட்சி.

அன்று பாயும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை, அலையும் தெரியவில்லை. வழுவழுவென்று வெறும் தாள். அடுத்த பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு கிழவியின் முகம் இருந்தது. அவள் கன்னத்துச் சுருக்கத்தையும் காணோம்.

"மாத்திட்டாங்க," என்றார் வாய்க்குள்ளேயே. அல்பத்தை மூடி அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு வாரில் கோத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, யார் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

யோசிப்பதற்கு ஆட்கள் அதிகமில்லை. மகன் றிகாஸ் காலையில் பதுளை டவுனில் இருக்கும் கடைக்குப் போனால் மாலை மஃரிபுத் தொழுகைக்குத்தான் வருவான். அவன் மனைவி ஹம்ஸியா வீட்டிலேயே இருக்கிறாள். தெமோதரைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் விஜயலெட்சுமி, இவரைப் பார்த்துக்கொள்ள வைத்த பெண். மாதத்தில் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்க வரும் சிவஞானம், ஓய்வுபெற்ற தபால் கந்தோர்க்காரர். முத்திரை மாற்றிக்கொள்ளும் பழைய கூட்டாளி. மகனை விட்டால், மிச்சமுள்ள இந்த மூவரில் ஒருவர்.

ஜுனைதீன் பிறவியிலேயே சந்தேகக்காரர் இல்லை. தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது. தோட்டத்து பங்களா வாசலுக்குப் பித்தளைப் பெயர்ப்பலகை, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு வெள்ளிக் கிண்ணம், கோயில் மணியில் உபயகாரர் பெயர், கல்யாண மோதிரத்தின் உள்பக்கத்தில் மாப்பிள்ளை பெயர் என்று ஊவா மாகாணத்தில் பாதிப் பேருக்கு அவர் எழுத்து வெட்டியிருக்கிறார். பித்தளையும் வெள்ளியும் பிரச்சினை இல்லை. தங்கம்தான் பிரச்சினை. மோதிரத்தில் எழுத்து வெட்டினால் தூள் விழும். தூள் விழுந்தால் வாடிக்கையாளர் கண் தூளின் மேலேயே இருக்கும். அதனால் மோதிரத்தை வாங்கும்போது ஒரு தரம், கொடுக்கும்போது ஒரு தரம், விழுந்த தூளையும் சேர்த்து, அவர்கள் கண்முன்னே தராசில் வைத்துக் காட்டுவார். ஆயுள் முழுக்க இப்படிக் கள்ளன் இல்லை என்று நிரூபித்துக்கொண்டே இருந்த மனுஷனுக்கு, மற்றவர்களும் அதை நிரூபித்தால் என்ன என்று தோன்றுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

முத்திரைப் பைத்தியம் பிடித்ததும் அந்தச் செதுக்குக் கடையில் வைத்துத்தான். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் துரை பெயர்ப்பலகைக்கு எழுதிக் கொடுத்த எழுத்துகள் ஒரு வெளிநாட்டு உறையின் பின்பக்கத்தில் இருந்தன. முன்பக்கத்தில் ஒரு முத்திரை. கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு அதைப் பார்த்த ஜுனைதீன் வேலையை நிறுத்திவிட்டார். ஒரு கிழவியின் முகம். கன்னம் திரும்பும் இடத்தில் கோடு தடித்து, வெளிச்சம் படும் இடத்தில் மெலிந்து, கடைசியில் புள்ளிகளாகக் கரைந்து போயிருந்தது. பித்தளையில் ஓர் 'அ' போடுவதற்கே மூச்சை அடக்க வேண்டும். இந்த ஆள் நகத்தளவு இடத்தில் ஒரு கிழவியின் வயதையே வெட்டி வைத்திருக்கிறான்.

ஐரோப்பாவில் வடக்கே எங்கோ இருந்தவர் அந்தச் செதுக்குக்காரர். பெயரை ஜுனைதீனால் கடைசிவரை உச்சரிக்க முடியவில்லை. மாஸ்டர் என்பார். மாஸ்டர் கை பட்ட முத்திரைகளை மட்டுமே சேர்த்தார். வேறு எது கிடைத்தாலும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், சிவஞானத்திடம் கொடுத்துவிட்டு மாஸ்டருடையதை வாங்கிக்கொள்வார். பெயர் பார்க்காமலே, கோடு திரும்புகிற விதத்தை வைத்து இது மாஸ்டர், இது இல்லை என்று சொல்லிவிடுவார்.

போன வருஷம் படியில் வழுக்கி விழுந்தபிறகுதான் விஜயலெட்சுமி வந்தாள். குவைத்தில் ஒரு கிழவியைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டவள். அதற்கு முன்னால் முறையாகப் பயிற்சியும் எடுத்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் கால் பற்றித்தான் பேசுவாள்.

"மொதலாளி, செருப்பு ஒண்ணு வாசல் முத்தத்துலயே கெடக்குது. ஒத்தச் செருப்போட உள்ள வந்திருக்கீங்க."

"நான் ரெண்டையும் போட்டுக்கிட்டுத்தான் வந்த. யாரோ எடுத்துப் போட்டீக்கி."

"கழண்டது தெரியலீங்களா?"

"தெரியாம என்ன?"

தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு செய்ய அவரே வென்னீர் ஊற்றிக்கொண்ட ஒரு நாள், பாதத்தில் கொப்பளம் எழும்பியது. விஜயலெட்சுமி தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டாள் என்று ஹம்ஸியாவிடம் புகார் சொன்னார். கொப்பளத்துக்கு மருந்து கட்டியபடியே, கிளினிக்குப் போய்வரலாம் என்றாள் விஜயலெட்சுமி. அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும் சொன்னாள்.

முத்திரை மாறிப்போன அந்த வெள்ளிக்கிழமை, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இது பளிச்சென்று புரிந்தது. என்னத்துக்கு இவள் என்னை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறாள்? நான் கிளினிக் வரிசையில் காத்துக் கிடந்தால் அலுமாரிக்குக் காவல் யார்?

அவர் பொறி வைத்தார். மெல்லிய உளியின் முனையால், ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் ஒட்டியிருந்த காகிதப் பட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி குத்தினார். முத்திரையை மாற்றினால் புள்ளியும் போய்விடும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் இருந்தன. விரலுக்கு முத்திரைகள் முன்னைவிட மோசமாக இருந்தன. கப்பலோடு இப்போது பறவையும் படுத்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் யோசித்திருப்பார்கள். ஜுனைதீனும் யோசித்தார். கள்ளன் புள்ளியையும் கண்டுபிடித்து அதே மாதிரிக் குத்திவிட்டான், அப்படியானால் இது லேசுப்பட்ட கள்ளன் இல்லை என்று முடிவுக்கு வந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இரவுச் சாப்பாட்டில் மகனிடம் சொன்னார். "அந்தப் பொம்பளைய நிப்பாட்டு. முத்திரையக் களவெடுக்கிறது அவதான்."

மறுநாள் காலையில் ஹம்ஸியா மென்று முழுங்கிக்கொண்டு விஷயத்தை விஜயலெட்சுமியிடம் சொன்னாள். அவள் கையில் இருந்த துவாயை மடித்து வைத்துவிட்டு நேரே ஜுனைதீன் முன்னால் வந்து நின்றாள்.

"வேலை வேணாம்னா போறேங்க. ஆனா களவாணிங்கிற பேரோட போக மாட்டேன். இந்த டவுன்ல அந்தப் பேரோட இன்னொரு வீட்டுப் படி என்னால ஏற முடியுமா? நீங்களே சொல்லுங்க. நான் எடுத்தேன்னா நாலு பேர் முன்னால காட்டுங்க."

"காட்டத்தான் போறன்."

"எப்பங்க?"

"சிவஞானம் வரட்டும்."

சிவஞானத்துக்குப் போன் போனது. அவர் வருவதற்குள் ஜுனைதீன் மேசையைத் துடைத்து, விளக்கை இழுத்து வைத்து, நீதிமன்றம் மாதிரி ஆக்கிவிட்டார். ஹம்ஸியாவிடம் வட்டிலப்பக் கிண்ணத்தை மூடுகிற அலுமினியத் தாள் கேட்டார். செதுக்கிய முத்திரையா இல்லையா என்று பார்க்க அது ஒரு வழி. முத்திரைமேல் மெல்லிய தாளை வைத்து மெதுவாகத் தேய்த்தால், புடைத்த கோடுகள் தாளில் எழும்பும். படுத்த மை என்றால் ஒன்றும் எழும்பாது. இதை அவர் இத்தனை வருஷத்தில் செய்ததே இல்லை. விரல் இல்லாதவன் செய்கிற வேலை என்பார்.

சிவஞானம் வந்து உட்கார்ந்தார். ஜுனைதீனை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். "என்ன நானா, கலியாண வீடு மாதிரி எல்லாரும் நிக்கிறீங்க. மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளை இல்ல. கள்ளன். நீங்களாவும் ஈக்கலாம்."

"அப்ப எனக்குத் தேத்தண்ணி கிடையாதா?"

ஜுனைதீன் கப்பலைச் சாமணத்தால் எடுத்து வைத்து, தாளால் மூடி, பென்சில் அழிக்கும் அழிறப்பரின் வட்டமான முனையால் தேய்த்தார். "பாருங்க. ஒண்டும் வராது. வெறும் தாள்தான் வரும்."

முதலில் பாயின் ஓரம் வந்தது. பிறகு கயிறுகள், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அலை. வெள்ளித் தாளில் கப்பல் முழுசாக எழுந்து நின்றது.

"வந்திருச்சே நானா," என்றார் சிவஞானம் மெதுவாக.

ஜுனைதீன் கிழவியை எடுத்தார். தேய்த்தார். கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் வந்தது. பறவையை எடுத்தார். இறகு வந்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். மாஸ்டரின் கோடு. அந்தத் திருப்பம் வேறொருவனுக்கு வராது. கண்ணாடியைக் கழற்றாமலே, தாளில் எழும்பி நின்ற கப்பலை மோதிர விரலால் தொட்டார். கண் பார்த்துக்கொண்டிருந்தது. விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் தொட்டார்.

"தாள் மெல்லிசு," என்றார் பிறகு.

"தாள் மேல பழி போடாதீங்க," என்றாள் விஜயலெட்சுமி. "ரத்தத்துல சீனி கூடுற ஒங்க வருத்தம் மொதல்ல கால் நரம்பத்தான் புடிக்கும். பெறகுதான் கைக்கு வரும். செருப்பு கழண்டது தெரியல. வென்னி சுட்டது தெரியல. இதத்தான் நானும் கிளினிக்கு வாங்க வாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"மாமா," என்றாள் ஹம்ஸியா. "அக்காக்கு ஒரு வார்த்த செல்லுங்க."

"அதுதான் தாள் செல்லிட்டுதே."

"தாள் சொன்னது பத்தாதுங்க," என்றாள் விஜயலெட்சுமி. "றிகாஸ் தம்பிக்கிட்ட என்னையக் களவாணின்னு சொன்னது நீங்க. இல்லன்னும் நீங்கதான் சொல்லணும்."

ஜுனைதீன் போனை எடுத்தார். எல்லோரும் கேட்க, மகனிடம், முத்திரை எல்லாம் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்றார். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். மறுமுனையில் றிகாஸ் இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். "ஒனக்குக் காது கேக்காட்டி அதுக்கும் கிளினிக் ஈக்கி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் ஒரு பெண் தாதி அவரை நாற்காலியில் சாய்த்து, காலை நீட்டச் சொன்னாள். அவள் கையில் ஒரு பிடி. பிடியின் நுனியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பான ஒரு நூல். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நூல் காலில் படும்போதெல்லாம் படுகிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

ஜுனைதீன் கண்ணை மூடினார். விஜயலெட்சுமி பையோடு பக்கத்தில் நின்றாள். நேரம் போனது. சுவர்ப் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

"நீங்க இன்னும் தொடங்கல்லியே," என்றார் ஜுனைதீன்.

"தொடங்கிட்டேன் ஐயா."

"தொடாமலே தொட்டன் எண்டு எழுதிக்கொள்ளுவீங்களோ?"

அவர் சட்டென்று கண்ணைத் திறந்து பார்த்தார். நூல் அவருடைய கால் பெருவிரலில் குத்தி, வில்லாக வளைந்து நின்றுகொண்டிருந்தது.

அதை அவர் நன்றாகப் பார்த்தார், தராசு முள்ளைப் பார்ப்பதுபோல. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி," என்றார். "அடுத்த விரலுக்குப் போங்க."